யூனிட்டுக்கு 8 ரூபாய்: வாடகை வீட்டு ஈ.பி. கணக்கில் எது நியாயம்?

வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் வசதி எல்லாம் பேசி முடித்து, படி இறங்கும் நேரத்தில்தான் அந்த வார்த்தை வரும்: "கரன்ட் மட்டும் சப்-மீட்டர். யூனிட்டுக்கு எட்டு ரூபா." வாடகையில் 500 ரூபாய் குறைக்க அரை மணி நேரம் மல்லுக்கட்டியவர்கள்கூட இதற்குச் சட்டென்று தலையாட்டிவிடுவார்கள். எட்டு ரூபாய்தானே!

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடும் ஒரு சின்னக் குடும்பத்துக்கு அந்த எட்டு ரூபாய் என்பது 1,600 ரூபாய். அதே வீட்டுக்குத் தனி ஈ.பி. மீட்டர் இருந்திருந்தால் கட்ட வேண்டியது வெறும் 235 ரூபாய். ஒவ்வொரு பில்லிலும் 1,365 ரூபாய் வித்தியாசம். வருஷத்துக்கு ஆறு பில். 8,190 ரூபாய்.

இந்தப் பணம் முழுவதும் வீட்டுக்காரர் பைக்குத்தான் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைப் புரிந்துகொண்டால்தான், வீட்டுக்காரரிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியும்.

பணம் எங்கே போகிறது?

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட் இலவசம். 2016 மே மாதம் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு மேல், மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, 401 முதல் 500 வரை ரூ.6.30. இது 2024 ஜூலையில் திருத்தப்பட்ட கட்டணம், அரசு மானியம் கழித்து நுகர்வோர் கட்டுவது. இந்தக் கட்டுரையின் கணக்குகள் எல்லாம் அதை வைத்தே.

500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் கதை மாறிவிடும். ரூ.2.35 என்ற படியே காணாமல் போய், 101 முதல் 400 வரை எல்லாமே ரூ.4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 501 முதல் 600 வரை ரூ.8.40, 601 முதல் 800 வரை ரூ.9.45, 801 முதல் 1,000 வரை ரூ.10.50, ஆயிரத்தைத் தாண்டினால் ரூ.11.55. சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048 ரூபாய் 40 காசு. கடைசி ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்!

இந்தப் படிக்கட்டுக் கணக்கு ஒரு மீட்டர், ஒரு குடும்பம் என்று வைத்துப் போடப்பட்டது. ஒரே மீட்டரில் மூன்று குடும்பம் இருந்தால், மூன்று பேரும் சிக்கனமாக இருந்தாலும் மீட்டர் அவர்களை ஒரு பெரிய பங்களா என்றே நினைத்துக்கொள்ளும்.

ஒரு கட்டடத்தில் மூன்று போர்ஷன். எல்லோருக்கும் சப்-மீட்டர். ஒவ்வொருவருக்கும் 200 யூனிட் ஓடுகிறது. பிரதான மீட்டரில் மொத்தம் 600. ஈ.பி.க்குக் கட்ட வேண்டியது 2,880 ரூபாய். வீட்டுக்காரர் எட்டு ரூபாய் வீதம் வசூலிப்பது 4,800. அவருக்கு மிஞ்சுவது 1,920 ரூபாய். மூன்று வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் இருந்தால் ஈ.பி.க்கு மொத்தமே 705 ரூபாய்தான் போயிருக்கும். அதாவது குடித்தனக்காரர்கள் கூடுதலாகக் கொடுக்கும் 4,095 ரூபாயில் 2,175 ரூபாய் மின்வாரியத்துக்கே போகிறது. மூன்று குடும்பத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய 300 இலவச யூனிட் 100 ஆகச் சுருங்கியதும், எல்லோரும் சேர்ந்து மேல்படிக்கு ஏறியதும்தான் அதற்குக் காரணம்.

ஆகவே, "நானே ஈ.பி.க்கு நிறைய கட்டறேன்" என்று வீட்டுக்காரர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அவர் கட்டுவது யூனிட்டுக்குச் சராசரியாக ரூ.4.80. எட்டு அல்ல.

இதே மூன்று வீட்டிலும் தலா 300 யூனிட் ஓடினால் மொத்த பில் 5,820 ரூபாய். சராசரி ரூ.6.47 ஆகிவிடும். கோடையில் இரண்டு வீட்டில் ஏசி ஓடினால் எட்டு ரூபாய்க்கு அருகில்கூடப் போகலாம். நிலையான எட்டு ரூபாய் என்பது மார்கழியில் வீட்டுக்காரருக்கு லாபம், சித்திரையில் சில சமயம் கையைக் கடிக்கும். "ரேட்டு ஏறினா நீங்க தர மாட்டீங்களே" என்று அவர்கள் சொல்வதும் இதனால்தான். பில் பாக்கியோடு ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்துவிட்டுப் போனவர்களைப் பார்த்த வீட்டுக்காரர்களும் உண்டு. இணைப்பு அவர்கள் பேரில் இருப்பதால் பாக்கியும் அவர்கள் தலையில்தான்.

எப்படிப் பார்த்தாலும், நிலையான விலை என்பதே தவறான முறை. அந்த முறை வந்த பில் தொகையை, ஓடிய மொத்த யூனிட்டால் வகுத்து, அவரவர் யூனிட்டால் பெருக்குவதுதான் இரு தரப்புக்கும் நியாயம். மின்சாரச் சட்டம் 2003-ன் 12-வது பிரிவு, உரிமம் இல்லாமல் மின்சாரத்தை விநியோகிக்கவோ வணிகம் செய்யவோ கூடாது என்கிறது. வாங்கிய விலையைப் பகிர்ந்துகொள்வது வேறு, லாபம் வைத்து விற்பது வேறு. அதை வீட்டுக்காரரிடம் சட்டமாகப் பேச வேண்டாம். "இணைப்பு எண்ணை மட்டும் கொடுங்க சார், பில்லைப் பார்த்து பிரிச்சுக்கலாம்" என்றால் போதும். எண் தெரிந்தால் கட்ட வேண்டிய தொகையை மின்வாரிய இணையதளத்திலோ, பணம் கட்டும் செயலிகளிலோ பார்த்துவிடலாம். எண்ணைக் கொடுக்கவே மறுக்கும் இடத்தில் விஷயம் வேறு என்று புரிந்துகொள்ளலாம்.

தனி மீட்டர் கேட்கலாமா?

கேட்கலாம். நிரந்தரமான தீர்வும் அதுதான். ஒரே கட்டடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்பு தர மின்வாரியம் பார்ப்பது முக்கியமாக ஒன்றைத்தான்: இடம் நிரந்தரமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறதா, வயரிங்கும் தனியாக இருக்கிறதா. தனி வாசல், தனிச் சமையலறை, நடுவில் சுவர் உள்ள போர்ஷனுக்குக் கிடைக்கும். ஒரே வீட்டுக்குள் இலவச யூனிட்டுக்காக இரண்டாவது மீட்டர் கேட்டால் கிடைக்காது.

பிறகு ஏன் வீட்டுக்காரர்கள் தயங்குகிறார்கள்? வெளியில் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. அனுமதி வாங்கிய வரைபடத்தில் இருப்பது இரண்டு வீடு; உள்ளே இருப்பது நான்கு போர்ஷன். விண்ணப்பித்தால் அதிகாரி நேரில் பார்க்க வருவார், சொத்து வரிக் கணக்கும் கிளறப்படலாம். இந்தப் பயத்தின் விலையைத்தான் மாடிப் போர்ஷன்காரர் எட்டு ரூபாயாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டாலும் வழி இருக்கிறது. மின்சாரச் சட்டத்தின் 43-வது பிரிவு, கட்டட உரிமையாளர் மட்டுமல்ல, அதில் குடியிருப்பவர் கேட்டாலும் இணைப்பு தர வேண்டும் என்கிறது. தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பும் இதற்கு இடம் தருகிறது: உரிமையாளரின் சம்மதக் கடிதம் என்றால் படிவம் 5, அவர் மறுத்தால், சட்டப்படி குடியிருப்பதற்கான ஆதாரத்தோடு படிவம் 6-ல் உறுதிமொழிப் பத்திரமும் இரு மடங்கு வைப்புத் தொகையும். 2022 மே மாதம் திலீப் எதிர் சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றமும், வீட்டு உரிமையாளரின் தடையின்மைச் சான்று இல்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரத்தை மறுக்க முடியாது, விண்ணப்பித்தவர் அங்கே குடியிருக்கிறாரா என்பதைத்தான் மின்வாரியம் பார்க்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது.

சட்டம் இவ்வளவு தூரம் வருகிறது. ஆனால் 11 மாத ஒப்பந்தத்தில் இருப்பவர், வீட்டுக்காரரை மீறி மீட்டர் வாங்கிவிட்டு அடுத்த வருஷமும் அதே வீட்டில் இருக்க முடியுமா என்பது வேறு விஷயம். பல வருஷமாக ஒரே இடத்தில் குடியிருப்பவர்களுக்கும், தகராறு ஏற்கெனவே முற்றிவிட்டவர்களுக்கும்தான் படிவம் 6 பயன்படும். மற்றவர்களுக்கு, மீட்டர் வாங்கும் செலவை இருவரும் பகிர்ந்துகொள்ளலாம் என்று பேசிப் பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

மீட்டர் தன் பேரில் இல்லையே என்று வாடகைதாரர் கவலைப்படத் தேவையில்லை. அதேபோல, வாடகைதாரர் பேரில் மீட்டர் போனால் வீடே போய்விடும் என்று வீட்டுக்காரர் பயப்படவும் தேவையில்லை. மின் இணைப்பு என்பது சொத்துக்கான பட்டா அல்ல. 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது இந்தப் பயம் ஊரெங்கும் கிளம்பியது. அந்த இணையப் பக்கத்திலேயே 'உரிமையாளர்', 'வாடகைதாரர்' என்று தனித்தனியாகக் கேட்டிருந்தும் பல வீடுகளில் அது சண்டையாகவே முடிந்தது.

மோட்டார் யார் மீட்டரில் ஓடுகிறது?

தனி மீட்டர் இருக்கிறது, அப்படியும் பில் எகிறுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீர் மோட்டாரை. பழைய வீடுகளில் தரைத்தள மீட்டரிலிருந்தே மோட்டாருக்கும், மாடிப்படி விளக்குக்கும், கேட் விளக்குக்கும் வயர் இழுத்திருப்பார்கள். வீட்டுக்காரர் கீழே குடியிருந்த காலத்தில் அது சரி. அவர் மாடிக்குப் போய், கீழ்வீட்டை வாடகைக்கு விட்ட பிறகும் வயர் அங்கேயே இருக்கும். நாலு குடும்பத்துக்கும் ஒருவர் செலவில் தண்ணீர் ஏறும்.

கண்டுபிடிப்பது எளிது. வீட்டுக்குள் உள்ள மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னும். மின்சாரம் ஓட ஓட வேகமாக மின்னும். மெயினை அணைத்த பிறகு மோட்டாரைப் போடச் சொல்லிப் பார்க்கும்போது அது மின்ன ஆரம்பித்தால், மோட்டார் உங்கள் கணக்கில் ஓடுகிறது. மெயினை அணைத்ததும் மோட்டாரே ஓடவில்லை என்றாலும் அதே பதில்தான்.

சப்-மீட்டர் வேகமாக ஓடுகிறதோ என்ற சந்தேகத்துக்கும் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1,000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை ஒரு பெரிய வாளித் தண்ணீரில் முழுக்கி ஒரு மணி நேரம் ஓட விட்டால், ஏறத்தாழ ஒரு யூனிட் ஓட வேண்டும். வோல்டேஜைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஒன்றரை யூனிட் காட்டினால் மீட்டரில் கோளாறு. ராடு ஓடும்போது தண்ணீரில் கை வைக்கக் கூடாது, குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. சப்-மீட்டர் என்பது கடையில் வாங்கி மாட்டியது; அதை மின்வாரியம் சோதிப்பதில்லை, சீல் வைப்பதும் இல்லை.

அடுக்குமாடிகளில் லிப்ட், மோட்டார், பொது விளக்குகளுக்குத் தனி இணைப்பு இருக்கும். 2022 கட்டணத் திருத்தத்தில் இது தனி வகையாகப் பிரிக்கப்பட்டு யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆனது. எதிர்ப்பு கிளம்பியதும், 10 வீட்டுக்கு மேற்படாத, மூன்று மாடிக்கு மேற்படாத, லிப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு 2023-ல் ரூ.5.50 ஆகக் குறைக்கப்பட்டது. இந்த இணைப்புக்கு இலவச யூனிட் கிடையாது. எனவே "மெயின்டனன்ஸ் ஏன் இவ்வளவு?" என்ற கேள்விக்கு ஒரு பகுதி பதில் இங்கே இருக்கிறது. அந்தப் பணம் வாடகைக்குள் அடங்கியதா, தனியா என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளாவிட்டால் மாதா மாதம் வாக்குவாதம்தான். லாரித் தண்ணீர் செலவும் அப்படியே. சொத்து வரியும் குடிநீர் வரியும் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டியவை என்பதே பொது வழக்கம்.

நடுவில் குடிவந்தால்

ஈ.பி. கணக்கு மாசம் முதல் தேதி தொடங்குவதில்லை. அந்தப் பகுதிக்குக் கணக்கெடுப்பாளர் எப்போது வருகிறாரோ அப்போதுதான். ஆகவே பெரும்பாலும் ஒருவர் காலி செய்வதும் இன்னொருவர் குடிவருவதும் ஒரு பில்லின் நடுவில்தான் நடக்கும். பழையவர் 250 யூனிட் ஓட்டிவிட்டுப் போயிருப்பார், புதியவர் 150. மொத்தம் 400 யூனிட்டுக்கு 1,175 ரூபாய். இதை நாள் கணக்கில் பிரித்தால் ஒருவருக்கு அநியாயம். யூனிட் கணக்கில் பிரித்தால் புதியவருக்கு 441 ரூபாய், பழையவருக்கு 734. "100 யூனிட் ஃப்ரீ நான்தான் முதல்ல ஓட்டினேன்" என்று பழையவர் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. இலவசம் பில்லுக்குத்தான், முந்திக்கொண்டவருக்கு அல்ல.

இதற்குத் தேவை ஒரே ஒரு போட்டோ. சாவி வாங்கும் அன்றே மீட்டர் எண்ணும் ரீடிங்கும் தெளிவாகத் தெரிய ஒரு படம் எடுத்து, வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். மீட்டர் பெட்டியில் உள்ள வெள்ளை அட்டையில் பழைய ரீடிங்குகள் எழுதப்பட்டிருந்தால் அதையும் ஒரு படம். பாக்கி எதுவும் நிற்கிறதா என்று இணைப்பு எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. குடிவந்த மறுவாரமே ஈ.பி. ஆள் வந்து பீஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகு, அது யார் பாக்கி என்று வாதாடிப் பயனில்லை. கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள்தான் பணம் கட்ட அவகாசம்.

வீட்டுக்காரர் கரன்ட்டைத் துண்டித்தால்?

வாடகை பாக்கி, காலி செய்ய மறுப்பு, சின்ன மனஸ்தாபம். எந்தக் காரணமாக இருந்தாலும் வீட்டுக்காரர் மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தக் கூடாது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2017-ன் 20-வது பிரிவு இதை நேராகவே தடுக்கிறது. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, லிப்ட் எல்லாமே அதில் அத்தியாவசியச் சேவை. துண்டித்தால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் உடனே இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி அவர் இடைக்கால உத்தரவு போட முடியும். வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர். பாக்கி வாடகையை வசூலிக்க வீட்டுக்காரருக்கு அதே சட்டத்தில் தனி வழி இருக்கிறது. பீஸ் கட்டை அந்த வழி அல்ல.

இந்தச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். அரசு இணையதளத்திலேயே பதியலாம். பத்திரத்தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்துக்கொள்வதுதான் இன்னும் வழக்கமாக இருக்கிறது. தகராறு வரும் நாளில் அந்த நாலு வரியில் 'மின் கட்டணம்' என்ற சொல்லே இருக்காது.

வயரிங் கோளாறு யார் பொறுப்பு என்பதற்கும் அதே சட்டத்தின் அட்டவணையில் பதில் உண்டு. சுவருக்குள் ஓடும் வயரிங்கும், வெளி வயரிங்கும் வீட்டுக்காரர் பொறுப்பு. சுவிட்ச், பிளக் பாயின்ட், பிரேக்கர், கீசர் ரிப்பேர், குழாய் வாஷர் எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும்.

காசைவிடப் பெரிய விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. இருபது, முப்பது வருஷத்துக்கு முந்தைய வயரிங்கில் நாலு லைட்டும் மூணு ஃபேனும்தான் ஓடின. இப்போது அதே வயரில் ஏசி, கீசர், இன்டக்‌ஷன் அடுப்பு. சுவரில் ஈரம், சுவிட்சைத் தொட்டால் சுருக்கென்று ஓர் அதிர்ச்சி, பிளக் பாயின்ட் பழுப்பேறிக் கிடப்பது இவை எல்லாம் வீடு பார்க்கும்போதே கண்ணில் படும். சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உடம்பு வழியே மின்சாரம் கசியும்போது கண நேரத்தில் துண்டிப்பது அது. அதில் 'டி' என்று எழுதிய சின்னப் பட்டன் இருக்கும். அழுத்தினால் டப்பென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அது இருந்தும் இல்லாத மாதிரி. இல்லாத வீட்டில், வாடகையில் 200 ரூபாய் குறைக்கச் சொல்வதற்குப் பதில் இதை மாட்டித் தரச் சொல்வது மேல். வாஷிங் மெஷினுக்கு மட்டுமாவது எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயமான பயம் இருக்கிறது. வீட்டு இணைப்பில் குடியிருப்பவர் டெய்லர் கடையோ மாவு மில்லோ போட்டுவிட்டால், மின்சாரச் சட்டம் 126-வது பிரிவின்படி அனுமதியில்லாப் பயன்பாடு என்று, பொருந்தும் கட்டணத்தைப் போல இரு மடங்கு மதிப்பிடுவார்கள். இணைப்பு தன் பேரில் இருக்கும் வீட்டுக்காரருக்கும் இது தலைவலிதான். வீட்டிலிருந்து தொழில் செய்ய நினைப்பவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மின்தடை, மீட்டர் கோளாறு, அதிகப்படியான பில் போன்ற புகார்களுக்கு மின்னகம் எண் 94987 94987. 24 மணி நேரமும் எடுப்பார்கள். இணைப்பு யார் பேரில் இருந்தாலும் குடியிருப்பவரே பேசலாம், இணைப்பு எண் மட்டும் கையில் வேண்டும். சப்-மீட்டர் தகராறை அங்கே சொல்லிப் பயனில்லை, பிரதான மீட்டரோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது.

காலி செய்யும் நாளில் அட்வான்ஸ் கணக்குப் பார்க்கும்போது, "அடுத்த ஈ.பி. பில் வரட்டும், பிடிச்சுக்கிட்டு மீதியைத் தர்றேன்" என்பார்கள். அந்த ஒரு பில்லுக்காக முழு அட்வான்ஸும் இரண்டு மாதம் நிற்கக் கூடாது. அன்றைய ரீடிங்கைப் படம் எடுத்து, போன கணக்கெடுப்பிலிருந்து ஓடிய யூனிட்டுக்கு உத்தேசமாக ஒரு தொகையை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டு, மீதியை அன்றே கொடுத்துவிடலாம். பில் வந்த பிறகு யூனிட் கணக்கில் பிரித்து, கூடக் குறைய இருப்பதை ஜிபேயில் நேர்செய்துகொள்ள ஐந்து நிமிஷம் போதும். இதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுவது உத்தமம்.